நீண்ட காலம் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளும் அதன் காபரேட்டரும்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிலுள்ள தொடர்மாடிகளின் வாகனத் தரிப்பிடங்களில், தூசு படிந்த துணியால் மூடப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளாவது நிற்காத கட்டடம் அரிது. உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ பிள்ளைகளோடு இருப்பார்; அல்லது உள்ளூரிலேயே இருந்தும், 2022ஆம் ஆண்டு எரிபொருள் கிடைக்காத மாதங்களில் பஸ்ஸுக்கும் நடைக்கும் பழகிவிட்டு வண்டியைத் திரும்ப எடுக்காமலே விட்டிருப்பார். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டதும், பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே ஒதுக்கப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் ஓரங்கட்டப்பட்ட வண்டிகளில் பல இன்னமும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றை மீண்டும் ஓட வைக்கும் வேலை எனக்கு மிகவும் விருப்பமானது. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். ஆனாலும் உறவினரும் அயலவரும் அழைக்கும்போதெல்லாம் கருவிப் பையுடன் போய், இவ்வகை வண்டிகளோடு பல விடுமுறை நாட்களைக் கழித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தையும், அதிலிருந்து பிறக்கும் வேலை ஒழுங்கையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிறுத்தும்போது ஒழுங்காக ஓடிய வண்டி, நின்ற காலத்தில் தன் அமைப்புகளை மாற்றிக்கொள்வதில்லை என்பதே அந்தக் கருத்து. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரில், அந்தக் கலவையைச் சீர்செய்யும் திருகாணி தானாகத் திரும்பாது. அதன் அடிக்கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரம் தானாக மாறாது. வால்வுகளின் இடைவெளி நின்ற நிலையில் தேயாது. மாறக்கூடியவை காலமும் ஈரமும் தொடக்கூடியவை மட்டுமே: பெற்றோல், பற்றரி, இறப்பர்ப் பாகங்கள், உலோகங்களின் மேற்பரப்பு, குழாய்களுக்குள் குடியேறிய பூச்சிகள். எனவே தேடல் இந்த ஐந்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வந்தவுடன் திருகாணிகளைத் திருப்பத் தொடங்குபவர், ஒரு பழுதோடு நிற்கும் வண்டிக்கு இரண்டாவது பழுதையும் சேர்த்துவிடுகிறார். அதன்பின் எது காலத்தால் வந்தது, எது கையால் வந்தது என்று பிரித்தறிவது மிகவும் கடினம்.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அண்ணர் ஒருவரின் ஹொண்டா சி.ஜி. 125 வண்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 1976இல் அறிமுகமான இவ்வகை வண்டி, தள்ளுதண்டுகளால் வால்வுகளை இயக்கும் எளிய ஒற்றை உருளை எஞ்சினைக் கொண்டது. பராமரிப்புக் குறைந்தாலும் நெடுங்காலம் உழைக்கும். "காபரேட்டரைக் கழற்றி எல்லாத்தையும் ஒருக்கா டியூன் பண்ணிவிடுங்கோ தம்பி" என்றுதான் அண்ணர் கேட்டார். "முதல்ல கிண்ணத்துக்குள்ள என்ன இருக்குதெண்டு பாப்பம் அண்ணை" என்றேன். அவருக்கு அது அரைமனதாகத்தான் இருந்தது. பெரிய பழுதுக்குப் பெரிய வேலைதான் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இவ்வகை வண்டிகளின் பழுது பெரும்பாலும் மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு அகலமான துவாரத்துக்குள் அடங்கிவிடக் கூடியது.

கிக்கரில் கால் வைப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது எஞ்சின் ஒயில். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோல் டெப் திறந்தபடியே விடப்பட்டு, மிதவைக் கிண்ணத்துக்குள் பெற்றோல் நுழையும் வழியை அடைக்கும் ஊசி சரியாக மூடாமல் இருந்திருந்தால், தாங்கியிலிருந்து கசியும் பெற்றோல் வழிந்தோடும் குழாயால் வெளியேறும். அந்தக் குழாய் அடைபட்டிருந்தால் உருளைக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களின் ஓரமாக ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளவுகோலை வெளியே எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தாலோ, ஒயில் மட்டம் மேற்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஒயிலை மாற்றும் வரை எஞ்சினைச் சுழற்றக் கூடாது. நீர்த்துப்போன ஒயிலால் எஞ்சினின் பெயாரிங்குகளைக் காக்க முடியாது. உருளை நிறையத் திரவம் நிற்கும் நிலையில் பலமாக உதைத்தால் இணைப்புத் தண்டே வளையக்கூடும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் சில துளி ஒயிலை விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுழல்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

அத்துடன், நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் இந்த வேலைகளைச் செய்ய வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத தளத்தில் தரையோடு தவழ்ந்து தொலைவுக்குப் பரவும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டும் அங்கேயே தேங்கும். வண்டியை வெளியே உருட்டி வந்து, மர நிழலில் வைத்துச் செய்வதே சரி.

இப்போது பெற்றோலுக்கு வருவோம். பெற்றோல் ஒரே பொருள் அன்று; ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில் தொடங்கி 200 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் கொதிக்கும் பல ஐதரோகாபன்களின் கலவை. குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்வதற்கு உதவுபவை எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகளே. அவற்றுள் ஒன்றான ஐசோபென்ரேன் 28 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பின் நண்பகல் வெப்பம் அதைவிடக் கூடியது. மிதவைக் கிண்ணம் காற்றுத் துவாரத்தின் வழியே வெளிக்காற்றோடு தொடர்புடையது. அதில் தேங்கியிருக்கும் சிறிதளவு பெற்றோலிலிருந்து இலேசான பகுதிகள் முதல் சில வாரங்களிலேயே போய்விடுகின்றன. எஞ்சுவது பற்றுவதற்குச் சோம்பும் கனமான பகுதி. அது மேலும் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகி, தேன் நிறத்தில் ஒட்டும் படலமாக உள்ளே படிந்து, மாதக்கணக்கில் விட்டால் காய்ந்து இறுகுகிறது. பழைய பெற்றோலின் மணமே வேறு. புதுப் பெற்றோலின் கூர்மை அதில் இருக்காது. மர மேசைக்குப் பூசும் வார்னிஷின் புளித்த மணம் வரும். ஒருமுறை மணந்தவர் பின்னர் தவறவிடமாட்டார். தட்டுப்பாட்டுக் காலத்தில் கலன்களில் சேமித்து மறந்துபோன பெற்றோலுக்கும் இது பொருந்தும். அதைக் கொண்டு இந்தச் சோதனைகளைச் செய்வதில் பயனில்லை.

மிதவைக் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகாணி ஒன்று இருக்கும். அதன் கீழ் ஜாம் போத்தல் போன்ற தெளிவான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைப் பிடித்து, டெப்பை மூடிய நிலையில் திருகாணியைத் தளர்த்திக் கிண்ணத்திலுள்ளதை இறக்குங்கள். நின்ற வண்டியைப் பற்றி இந்தச் சிறு வேலை சொல்லுமளவுக்கு வேறெந்தச் சோதனையும் சொல்வதில்லை என்பது என் துணிபு. போத்தலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருப்பின் அது பெற்றோலுக்கு அடியில் தனி முத்துக்களாகத் திரண்டு நிற்கும். தண்ணீர் கனமானது, தாங்கியிலும் கிண்ணத்திலும் அது அடியிலேயே தங்கும், பெற்றோலை அளந்து விடும் நுண்துளைத் திருகாணிகளான ஜெட்டுகளின் வாயும் கிண்ணத்தின் அடியிலேதான் இருக்கிறது. பாதி நிரம்பிய தாங்கி பகலில் சூடேறி ஆவியை வெளிவிட்டு, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கும். கொழும்பின் கடலோரக் காற்றில் மாதக்கணக்கில் இப்படி நடந்தால், கிண்ணத்தில் தண்ணீர் காண்பது வியப்பன்று. போத்தலின் அடியில் செம்மண் நிறத் தூள் படிந்தால் தாங்கியின் உட்சுவர் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் காபரேட்டரைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. தாங்கியைக் கழுவாமல் விட்டால் அதே தூள் சில நாட்களில் மீண்டும் வந்து அடைக்கும்.

அடுத்து, வடிகால் திருகாணி திறந்தே இருக்க, டெப்பைத் திறவுங்கள். பெற்றோல் தடையின்றி ஓடினால் தாங்கி, டெப், குழாய், ஊசி ஆகிய நான்கும் வழிவிடுகின்றன. ஒன்றுமே வராவிட்டால் குழாயைக் காபரேட்டரிலிருந்து கழற்றிப் பாருங்கள். குழாயில் வருகிறது, கிண்ணத்தில் வரவில்லை என்றால் மிதவையின் ஊசி பிசினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினாலே பல வேளைகளில் விடுபடும். முதலில் நன்றாக ஓடி, சிறிது நேரத்தில் மெலிந்து நின்றுவிட்டால் தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்ததும் ஓட்டம் திரும்பினால் ஐயமில்லை. வெற்றிடத்தால் திறக்கும் டெப் பொருத்தப்பட்ட வண்டிகளில் எஞ்சின் சுழலாதபோது பெற்றோல் வராதது இயல்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தாங்கியிலுள்ள பழையதை முழுவதும் இறக்கிவிட்டு, புதிதாக வாங்கிய பெற்றோலில் ஒரு லீற்றரை ஊற்றி, கிண்ணம் நிரம்பும் வரை பொறுத்திருந்து, சோக்கை இழுத்து உதைத்துப் பாருங்கள். சில மாதங்கள் மட்டுமே நின்ற வண்டியானால் இந்த அளவிலேயே எழும்பிவிடும் வாய்ப்பு உண்டு. இறக்கிய பெற்றோலைத் தயவுசெய்து வடிகானில் ஊற்ற வேண்டாம். நம் வடிகான்கள் வெள்ளவத்தைக் கால்வாய்க்கும் கடலுக்கும் போகின்றன. பாகங்கள் கழுவுவதற்காகக் கராஜ்களில் அதை வாங்கிக்கொள்வார்கள்.

எழும்பாவிட்டால், சில உதைகளின் பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை காய்ந்திருந்தால் பெற்றோல் உருளைக்கு வரவில்லை. காபரேட்டரை நோக்கிப் போக வேண்டும். ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை. பிளக்கின் தீப்பொறியை நோக்கிப் போக வேண்டும். வண்டி நமக்குத் தரும் நேரடியான விடை இதுவே. இதைப் பார்க்காமல் காபரேட்டரைக் கழற்றியவர்களையும், காபரேட்டர் அடைபட்டிருக்க, பொறிக்கு மின்னழுத்தம் கூட்டும் கொயிலை வாங்கி மாற்றியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். இரண்டுமே வீண் செலவு.

பொறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் நின்ற வண்டிகளில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குள் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்துவிடுகிறது. பற்றரியின்றி, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் மெக்னெற்றோவால் நேரே இயங்கும் ஹொண்டா வண்டிகளில், கறுப்பில் வெள்ளைக் கோடிட்ட கம்பி நிலத்தோடு இணைந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே சோதனைக்காக அதை, பொறியை மின்னணு முறையில் எழுப்பும் சி.டி.ஐ. பெட்டிக்கு அருகில் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். பொறி வந்துவிட்டால் குற்றம் சுவிட்சிலோ திறப்பிடும் பூட்டிலோதான். பற்றரியை நம்பி எரியூட்டும் வண்டிகளில் பற்றரியை முதலில் அளக்க வேண்டும்: ஓய்வில் 12.6 வோல்ற்று இருந்தால் முழுமை. 12க்குக் கீழ் போயிருந்தால் மின்னேற்றாமல் மேற்கொண்டு சோதிப்பதில் பொருளில்லை. பிளக்கின் தொப்பியைத் திருகிக் கழற்றி, உள்ளே வரும் கம்பியின் செம்பு பச்சையாகியிருந்தால் 5 மில்லிமீற்றர் அளவு வெட்டிவிட்டு மீண்டும் திருகுங்கள். பழைய சி.ஜி. வண்டிகளில் சி.டி.ஐ. பெட்டிக்குப் பதிலாக, திறந்து மூடி மின்னோட்டத்தை வெட்டும் தொடுமுனைகளான பொயின்ற் இருக்கும்; நின்ற காலத்தில் அதன் முகங்களில் படியும் மெல்லிய படலமே பொறியைத் தடுக்கப் போதும். சுத்தமான வெள்ளைக் கடதாசியை இடையில் விட்டு இழுத்தால் பெரும்பாலும் தீரும். பொறியைப் பார்க்கும்போது பிளக்கை அதன் துவாரத்துக்கு அருகில் பிடிக்காமல், எஞ்சினின் வேறொரு வெறும் உலோகப் பகுதியில் அழுத்திப் பிடியுங்கள். துவாரத்திலிருந்து வெளிவரும் பெற்றோல் ஆவி தீப்பற்றக்கூடியது.

பிளக்கைப் பொறுத்தவரை, துடைத்துச் சோதிப்பதைவிடப் புதியதை இடுவதே என் தெரிவு. பழைய பெற்றோலில் ஊறிய பிளக் வெளியில் பொறி காட்டிவிட்டு, உருளையின் அழுத்தத்துக்குள் காட்டாமல் விடுவதுண்டு. சி.ஜி. 125க்கு என்.ஜி.கே. டி8இஏ பொருந்தும், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். சந்தையில் போலிகளும் புழங்குவதால், பஞ்சிகாவத்தையில் நெடுநாள் பழகிய கடையிலேயே நான் வாங்குகிறேன். அந்தக் கடையின் நானா எதையாவது விற்றுவிட வேண்டும் என்று அவசரப்படுபவர் அல்லர். ஜெட் வாங்கப் போன ஒருநாள், "பழைய ஜெட்ட வீசிராதீங்க தம்பி, கழுவிப் பாத்துட்டுப் பொறகு வந்து வாங்குங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வண்டியோடு வந்த பித்தளை ஜெட்டின் துவாரம் திருத்தமாகத் துளைக்கப்பட்டது. பெயர் தெரியாத மாற்று ஜெட்டுகளில் பொறித்த எண் ஒன்றாகவும் துவாரம் வேறாகவும் இருப்பதுண்டு.

பிளக் காய்ந்திருக்கும் வண்டிக்கும், சோக் போட்டால் எழும்பிச் சோக்கை விட்டதும் அணைந்துவிடும் வண்டிக்கும் காபரேட்டரைத் திறந்தேயாக வேண்டும். இரண்டாவது அறிகுறி மிகத் தெளிவானது. சும்மா நிற்கும்போதும் எழும்பும்போதும் எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டுவது பைலட் ஜெட் எனப்படும் சிறிய ஜெட்டு. கெய்ஹின் காபரேட்டர்களில் 35, 38 என்று எண் பொறிக்கப்பட்டிருந்தால் அதன் துவாரம் ஏறத்தாழ 0.35, 0.38 மில்லிமீற்றர், தலைமயிர் ஐந்தைச் சேர்த்துப் பிடித்த அகலம்தான் அது. பிசின் படலம் இதை முதலில் அடைத்துவிடும், பெரிய ஜெட் திறந்தேயிருக்கும். சோக் காற்றைக் குறைத்து, எஞ்சினின் இழுவையைக் கூட்டி, பெரிய ஜெட்டிலிருந்தும் பெற்றோலை வரவைப்பதால் வண்டி எழும்புகிறது. சோக்கை விட்டதும் பைலட் ஜெட்டையே நம்ப வேண்டியிருப்பதால் அணைகிறது. அக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்பதும் இதே கதைதான். இந்த அறிகுறியைக் கண்டபின் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கழற்றும் முன் காபரேட்டரின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவிக்கொள்ளுங்கள்; வெளி அழுக்கு உள்ளே விழக் கூடாது. மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பெரிய ஜெட்டும் பக்கத்தில் ஆழத்தில் பைலட் ஜெட்டும் தெரியும். பித்தளை மென்மையானது, தலைப் பிளவுக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்குரூ டிரைவரை வைத்து முறுக்கினால் பிளவு கிழிந்து, ஜெட்டை எடுக்கவே முடியாமல் போகும். அகலமும் தடிப்பும் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் கிடைக்கும் வரை காத்திருப்பது நல்லது. இறுகியிருந்தால் காபரேட்டர் கழுவும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டு, பிறகு முயலுங்கள்.

கலவைத் திருகாணியை எடுப்பதானால், முதலில் அதை மெதுவாக உட்புறம் திருப்பி, இருக்கையில் தொடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்ட பின்னரே கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே எண்ணிக்கையில் வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையே வண்டி நன்றாக ஓடிய நாளின் பதிவு. இருக்கையில் தொட்டபின் மேலும் இறுக்கினால் அதன் கூர்முனை வளைந்து, துவாரமும் விரிந்துவிடும்.

எடுத்த ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். துவாரம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் கரடுமுரடாகவோ பிறை வடிவாகவோ தெரிந்தால் பிசின் மிச்சமிருக்கிறது. ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம். பித்தளையில் விழும் சிறு கீறலும் துவாரத்தைப் பெரிதாக்கும். அதன்பின் வண்டி காரணமின்றி அதிகம் குடிக்கும். ஸ்பிரேயில் ஊறவிட்டு, ரயர்க் கடையின் காற்றுக் குழாயால் ஊதி, இன்னும் தீராவிட்டால் மெல்லிய மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை மட்டும் விட்டெடுக்கலாம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் துலக்கும் வழக்கத்தில் சிலர் காபரேட்டரையே புளிநீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இரவு முழுவதும் ஊறவிடுகிறார்கள். அது கூடாது. காபரேட்டரின் உடல் பெரும்பாலும் நாகக் கலப்புலோகம் அல்லது அலுமினியக் கலப்புலோகம். அமிலம் அதை அரித்து வெள்ளைப் பொடியாக்கும்.

ஜெட் மட்டும் சுத்தமானால் போதாது. அது அமரும் குழியிலிருந்து தொடங்கும் பாதையும் திறந்திருக்க வேண்டும். ஜெட் இல்லாத குழிக்குள் ஸ்பிரேயின் மெல்லிய குழலை வைத்து அடித்தால், எஞ்சின் பக்கம் அக்சிலரேட்டர் தடுப்பின் விளிம்பருகேயுள்ள நுண்துவாரங்களால் திரவம் பீறிட வேண்டும். அது எல்லாத் துவாரங்களாலும் வரும் வரை நான் பூட்டத் தொடங்குவதில்லை. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஸ்பிரே எதிர்பாராத திசையில் திரும்பி வந்து கண்ணில் படும். சில வண்டிகளில் காபரேட்டரின் மேல்மூடிக்குள் மெல்லிய இறப்பர்த் திரை இருக்கும். ஸ்பிரே பட்டால் அது வீங்கிச் சுருங்கிவிடும் என்பதால் அதையும் இறப்பர் வளையங்களையும் முன்னரே எடுத்துவிட வேண்டும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் குலுங்கினால் அது துளைபட்டிருக்கிறது. ஊசியின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்வு தெரிந்தால் ஊசியை மாற்றுங்கள். ஒயிலில் பெற்றோல் கலந்திருந்த வண்டியானால் தேய்வு தெரியாவிட்டாலும் மாற்றுவதே பாதுகாப்பு.

அண்ணரின் வண்டியில் பைலட் ஜெட்டே அடைபட்டிருந்தது. கலவைத் திருகாணியை எண்ணிய சுற்றிலேயே திரும்ப வைத்தோம். அதைத் தொட்டுச் சீர்செய்யும் தேவை எஞ்சின் சூடான பின்னும் எழவில்லை.

பெற்றோலும் பொறியும் சரியாக இருந்தும் எழும்பாத வண்டிகளில் காற்றின் வழியைப் பார்க்க வேண்டும். சைலன்சர் வாயிலும் மெல்லிய குழாய்களிலும் மண்கூடு கட்டும் குளவிகள் நம் ஊரில் நிறைய. வடிகட்டிப் பெட்டிக்குள் எலி பஞ்சு சேர்த்து வைப்பதும் உண்டு. பஞ்சு நுரையாலான வடிகட்டி காலத்தால் உதிர்ந்து, அதன் துகள்களே காபரேட்டருக்குள் போகும். கிக்கர் எதிர்ப்பேயின்றிக் கீழிறங்கினால் அழுத்தம் இல்லை. திறந்த நிலையில் நின்ற வால்வின் இருக்கையில் துரு படிந்திருக்கலாம், அல்லது பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கலாம். முன்பு விட்ட ஒயில் ஓர் இரவு ஊறிய பின்னும் அழுத்தம் திரும்பாவிட்டால், எஞ்சினின் தலையைக் கழற்றும் வேலை அது. நம்பிக்கையான கராஜிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

எழும்பியதும் முறுக்கிச் சத்தமெழுப்ப வேண்டாம். ஒயில் மேலே ஏறட்டும். உருளைக்குள் விட்ட ஒயில் எரிந்து சிறிது நேரம் புகை வரும், தானாக நிற்கும். நன்றாகச் சூடான பின் ஒயிலை மாற்றிவிடுங்கள். வீதியில் இறங்குமுன் பிரேக்கையும் ரயரையும் பார்க்க வேண்டும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மீண்டும் நிறுத்தி வைப்பவர்களுக்கு. சில மாதங்களுக்கானால் தாங்கியை நிரப்பி, டெப்பை மூடி, கிண்ணத்தை வடிகால் திருகாணியால் வெறுமையாக்கிவிடுங்கள்; நிரம்பிய தாங்கியில் ஈரக்காற்றுக்கு இடமில்லை, வெறுங்கிண்ணத்தில் பிசினாக ஒன்றுமில்லை. ஓர் ஆண்டுக்கு மேலானால் தாங்கியையும் வெறுமையாக்கி, உட்சுவரில் ஒயில் படியும்படி உருட்டி வைப்பதே கடலோரத்துக்கு ஏற்றது. வெளிநாட்டிலிருப்பவர்கள் பலர் திறப்பை அயலவரிடம் கொடுத்து, "கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுங்கோ" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அன்போடு செய்யப்படும் இந்த ஏற்பாடு வண்டிக்குக் கேடே தருகிறது. ஐந்து நிமிடத்தில் ஒயில் சூடாவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஒயிலிலும் தண்ணீராகத் தங்கி, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது. காலி வீதியில் அரை மணி நேரம் ஓட்டிவர அந்த அயலவருக்கு இயலுமானால், வண்டியின் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் நடைமுறையில் இருக்குமானால், அப்படிச் செய்யச் சொல்லுங்கள். இயலாவிட்டால் கிண்ணத்தை வெறுமையாக்கி, பற்றரியின் மறை (−) முனைக் கம்பியைக் கழற்றி, சைலன்சர் வாயில் துணி அடைத்து, துணி உள்ளே இருப்பதைக் கடதாசியில் எழுதி ஹாண்டிலில் கட்டிவிட்டு, வண்டியை அப்படியே நிற்க விடுங்கள்.